இது எந்த நாளின் டாங்கி?

ஸ்கேல் மாடல் செய்கிறவர்கள் தங்கள் வேலையைக் காட்டும்போது கூடவே ஒரு வரி வரும்: "ஒரிஜினல் போட்டோவைப் பார்த்து அப்படியே செய்தது." பக்கத்திலேயே அந்தப் போட்டோவும் இருக்கும். போர்க்களத்தில் எரிந்துபோய் நிற்கும் ஒரு டாங்கி. பார்க்கிறவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, துரு சரியா வந்திருக்கு, மட்கார்டு நசுங்கினது கச்சிதமா இருக்கு என்று பாராட்டுவார்கள். போட்டோ எடுத்தது எப்போது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அடிபட்ட அன்றைக்கா, பத்து நாள் கழித்தா, பத்து வருஷம் கழித்தா? எடுத்தது யார்? எடுப்பதற்கு முன்னால் அந்த டாங்கியை யாராவது நகர்த்தினார்களா?

இந்தக் கேள்விகளைக் கேட்காமல் ஒரு போர்ப் படத்தை ரெஃபரன்ஸாக எடுத்துக்கொண்டால் நாம் செய்வது போரின் மாடல் ஆகாது, பெரும்பாலும் கண்காட்சியின் மாடல்தான் ஆகும் என்பது என் கட்சி. இந்தப் பொழுதுபோக்கு பற்றித் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

முதலில் அளவு. டாங்கி மாடல்களில் அதிகம் புழங்குவது 1/35. அதாவது நிஜத்தில் 35 செ.மீ. இருப்பது மாடலில் 1 செ.மீ. இந்த விசித்திரமான எண்ணுக்குப் பின்னால் ராணுவக் காரணம் எதுவும் கிடையாது. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் ஒரு ஜெர்மன் பாந்தர் டாங்கியை மோட்டார் வைத்து ஓடும் பொம்மையாகச் செய்தது. உள்ளே பேட்டரியும் மோட்டாரும் அடங்க வேண்டும் என்று பார்த்ததில் வந்த அளவு அது. பிறகு உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. இந்த அளவில் 1.75 மீட்டர் உயர மனிதன் 5 செ.மீ. வருவான். டி-72 டாங்கியின் உடல் கிட்டத்தட்ட 20 செ.மீ. கையகல உலகம். அதனால் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் கண்ணை உறுத்தும், போட்டோ இல்லாமல் வேலை ஆகாது.

நமக்குப் பக்கத்துக் கதையிலிருந்தே தொடங்கலாம். 1965 போரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில், அசல் உத்தர் என்ற கிராமத்தைச் சுற்றி செப்டம்பர் 8 முதல் 10 வரை நடந்த டாங்கிச் சண்டை. பாகிஸ்தானிடம் அமெரிக்கா கொடுத்த பாட்டன் டாங்கிகள் இருந்தன. அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பாட்டன் பெயரில் வந்தது. (சின்ன வயதில் 'பாட்டன் டாங்கி' என்று கேட்டபோது, தாத்தா காலத்துப் பழைய டாங்கி போல என்று நினைத்தேன். உண்மையில் இந்தியாவிடம் அப்போது இருந்த ஷெர்மன்தான் தாத்தா.) இந்தியப் படை லாட வடிவில் பதுங்கி நின்றது. கால்வாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டதால் கரும்புக் காடுகளும் வயல்களும் சேறாயின. கனமான பாட்டன்கள் உள்ளே வந்து சிக்கிக்கொண்டன. ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பீரங்கியை வைத்துக்கொண்டு அப்துல் ஹமீது பல டாங்கிகளை அடித்ததும், 10-ஆம் தேதி அவர் இறந்ததும், அவருக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்ததும் பள்ளிக்கூடப் பாடத்தில் வந்த கதை. பாகிஸ்தான் 90-க்கும் மேற்பட்ட டாங்கிகளை அங்கே இழந்தது என்பது இந்தியக் கணக்கு.

சண்டை முடிந்ததும் கைப்பற்றிய டாங்கிகளையும் சிதைவுகளையும் இழுத்து வந்து பிக்கிவிண்ட் அருகே வரிசையாக நிறுத்தினார்கள். அந்த இடத்துக்கு 'பாட்டன் நகர்' என்றே பெயர் வந்தது. இன்றைக்கு 1965 பாட்டன் என்று தேடினால் வருகிற படங்களில் கணிசமானவை அங்கே எடுத்தவை. பின்னர் அந்த டாங்கிகள் வெற்றிச் சின்னங்களாக நாடு முழுவதும் பிரித்து அனுப்பப்பட்டன. கன்டோன்மென்ட் வாசல்கள், நாற்சந்திகள், 1994-ல் அகமதுநகரில் திறந்த குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகம் என்று.

ஆக ஒரே டாங்கிக்கு மூன்று இடம். விழுந்த வயல், அடுக்கி வைத்த மைதானம், ஏற்றி வைத்த பீடம். நாம் ரெஃபரன்ஸ் என்று சேமிக்கும் படங்கள் பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும். வயலில் எடுத்த படத்தில் டாங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், செயின் சேற்றில் புதைந்திருக்கும், மூடிகள் திறந்திருக்கும். ஆட்கள் இறங்கி ஓடியிருப்பார்கள், அல்லது ஓடியிருக்க மாட்டார்கள். மைதானத்துப் படத்தில் அது சமதரையில் நேராக நிற்கும். இழுத்து வந்த கம்பிக் கயிறு கொக்கியில் தொங்கும். பீடத்துப் படத்தில் புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள். பல இடங்களில் பீரங்கிக் குழாயைக் கீழே தாழ்த்தி வைத்திருப்பதைப் பார்க்கலாம், தோற்றவன் தலைகுனிந்து நிற்கிற மாதிரி. அதை அப்படியே 1/35-ல் செய்து, அடியில் 'அசல் உத்தர், 10 செப்டம்பர் 1965' என்று பெயர்ப்பலகை வைக்கிறார்கள். தேதி தப்பு. குழாயைத் தாழ்த்தியது சண்டை இல்லை, சண்டைக்குப் பிறகு வந்த ஒரு முடிவு.

படத்தின் கீழே உள்ள குறிப்பையும் நம்ப முடியாது. பாகிஸ்தான் கொண்டுவந்தது எம்-47, எம்-48 என்று இரண்டு வகைப் பாட்டன்கள். நம் பத்திரிகைகளும் நினைவுப் பலகைகளும் எல்லாவற்றையும் 'பாட்டன்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டன. பிரித்தறிவது சுலபம். எம்-47-க்கு முன்பக்கத் தகடு தட்டையாகச் சரியும், அதில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு எந்திரத் துப்பாக்கி நீட்டிக்கொண்டிருக்கும். எம்-48-க்கு முன்பக்கம் படகின் அடிபோல உருண்டிருக்கும், அந்தத் துப்பாக்கி கிடையாது. இவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தில் மாடல் செய்கிறவர்களைப் பாராட்டியே ஆக வேண்டும். நினைவுச் சின்னத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் நூறு பேரில் அதை நிஜமாகவே பார்ப்பது, போல்ட் எண்ணும் இந்த ஒரு கிறுக்கன்தான்.

அடுத்து துரு. 'வெதரிங்' என்பது மாடலிங்கில் தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. அடிபட்ட டாங்கி என்றாலே முழுக்கக் கறுப்பும் செம்பழுப்பும் பூசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அசல் உத்தரில் சேற்றில் சிக்கி ஆள் இறங்கிப் போன பாட்டனுக்கு ஏது துரு? சண்டை மூன்று நாள். பெயின்ட் உரியாத இரும்பு மூன்று நாளில் துருப்பிடிக்காது. எரிந்தது என்றால் கதை வேறு. உள்ளே குண்டுகளும் எரிபொருளும் பற்றி எரிந்தால் முதலில் பெயின்ட் கருகி உதிர்ந்து சாம்பல் வெள்ளையும் நீலச் சாம்பலுமாக வெறும் இரும்பு தெரியும். கரி படிவது மூடிகள், ஓட்டைகள் இருக்கும் இடத்தைச் சுற்றித்தான். ஓரிரு இரவுப் பனியோ மழையோ பட்டதும் அந்த வெற்று இரும்பில் பளிச்சென்று ஆரஞ்சுத் துரு ஏறும். அது கறுத்துப் பழுப்பாவதற்கு மாதங்கள், வருடங்கள் ஆகும். சக்கரத்தைச் சுற்றியுள்ள ரப்பர் எரிந்து போயிருக்கும். சஸ்பென்ஷனுக்கு இருக்கும் முறுக்குத் தண்டுகள் சூட்டில் பதம் இழந்துவிடும், டாங்கி வயிறு தட்டி உட்கார்ந்துவிடும். ஆகவே ஒரு படத்தில் துருவின் நிறமும் தரையிலிருந்து உடலின் உயரமும் தெரிந்தால், நெருப்புக்கும் கேமராவுக்கும் நடுவே போன காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். தடயவியல் மாதிரிதான். பதம் இழக்காமல் நிமிர்ந்து நிற்கும் டாங்கிக்கு முழு எரிந்த பெயின்ட் அடித்திருந்தால், செய்தவர் இரண்டு படங்களைக் கலந்துவிட்டார் என்று அர்த்தம்.

இரும்பும் மண்ணும் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குப் போர்ப் படமே தேவையில்லை என்றுகூடச் சொல்வேன். நான் இருப்பது பென்னலூர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் வருஷம் பூராவும் எங்கேயாவது ஒரு ஷெட்டுக்கு நிலம் நிரவிக்கொண்டிருப்பார்கள். எம்-சாண்ட் டிப்பர்கள், ஜேசிபி, செயின் வைத்த ஹிட்டாச்சி. (எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் செயின் இருந்தால் நம் ஊரில் அது ஹிட்டாச்சிதான்.) போன வருடம் ஒரு சைட்டில் செயினைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆபரேட்டர் இறங்கி வந்து, "என்ன சார் பாக்குறீங்க, வண்டி வாங்கப் போறீங்களா?" என்றார். இல்லண்ணா, துரு பார்க்கிறேன் என்றேன். சிரித்துவிட்டு, "ஓடுற வண்டி செயின்ல அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மினுங்கும் சார். ரெண்டு நாள் நிறுத்திப் பாருங்க, செவப்பாயிடும். திரும்பி ஓட்டுனா அரை மணியில போயிடும்" என்றார். மாடலிங் புத்தகங்கள் பத்துப் பக்கம் எழுதுவதை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிபட்ட டாங்கியின் செயின் முதல் நாள் படத்தில் மினுங்க வேண்டும். மினுங்கவில்லை என்றால் அது முதல் நாள் படம் கிடையாது.

இந்த வரிசையில் நான் உயர்வாக மதிக்கும் ஒரு படம் உண்டு. வழக்கமான அளவுகோலில் பார்த்தால் அது படு மோசமான ரெஃபரன்ஸ். 1971 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு ராஜஸ்தானின் லோங்கேவாலா காவல்சாவடியை நோக்கி பாகிஸ்தானின் டி-59, ஷெர்மன் டாங்கிகள் வந்தன. மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் கீழ் 23-ஆவது பஞ்சாப் படைப்பிரிவின் ஒரு கம்பெனி இரவெல்லாம் தாக்குப்பிடித்தது. விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து ஹன்டர் விமானங்கள் வந்தன. திறந்த மணல்வெளியில் டாங்கிகளுக்கு ஒதுங்க இடம் இல்லை. இந்திய விமானப் படை மேலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் டாங்கிகள் வெறும் புள்ளிகள்தான். ஒரு போல்ட்கூடத் தெரியாது. ஆனால் மணலில் செயின் தடங்கள் தெரிகின்றன. வளைந்து, வட்டமடித்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சுழித்து, ஒரு புள்ளியில் போய் நிற்கும் கோடுகள். விமானத்தின் குறியிலிருந்து தப்ப அந்த ஓட்டுநர் எந்தப் பக்கம் திருப்பினார், எத்தனை முறை திருப்பினார், எங்கே முடிந்தது என்பது அதில் இருக்கிறது. டாங்கியின் கடைசி நிமிடங்கள் பதிவான படம் என்று எனக்குத் தெரிந்து இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்வது கஷ்டம். யாரும் எதையும் இழுத்து வந்து அடுக்குவதற்கு முந்தைய நிலை.

இதை ஏன் யாரும் மாடலாகச் செய்வதில்லை? கணக்குப் போட்டால் தெரியும். 50 மீட்டர் வட்டம் அடித்த தடம் 1/35-ல் 1.4 மீட்டர் வரும். வீட்டில் கட்டில் போட வேண்டிய இடம். 1/144-க்கு இறங்கினால் அதே வட்டம் 35 செ.மீ., டாங்கி 4 செ.மீ. சின்னதாக இருக்கும், விவரம் காட்ட முடியாது, போட்டியில் பரிசு கிடைக்காது. நம் பொழுதுபோக்கின் ரசனையே அளவைத் தீர்மானிக்கிறது, அளவு எந்தப் படம் 'நல்ல ரெஃபரன்ஸ்' என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் லோங்கேவாலாவிலும் எல்லோரும் செய்வது அங்கே நினைவிடத்தில் நிற்கும் டி-59-ஐத்தான். ட்ரம்பெட்டர் கிட் ஒன்று வாங்கி, கொஞ்சம் மணல் தூவி.

2022-க்குப் பிறகு உக்ரைனிலிருந்து வந்த படங்கள் இந்த நிலைமையை ஓரளவு மாற்றியிருக்கின்றன. ட்ரோன் எல்லோரையும் லோங்கேவாலா விமானியின் இடத்தில் உட்கார வைத்துவிட்டது. டாங்கி அடிபடும் நொடியே இப்போது வீடியோ. ட்ரோனுக்குப் பயந்து டாங்கித் தலைமேல் கம்பிக் கூண்டு கட்டினார்கள். அந்தக் கூண்டோடு கிட்கள் போர் முடியும் முன்பே கடைக்கு வந்தன. இது கொஞ்சம் அருவருப்பாக இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் என் குறை வேறு இடத்தில். ஓரிக்ஸ் என்ற குழு போரில் இழந்த வாகனங்களைப் படச் சாட்சியோடு மட்டுமே கணக்கெடுத்தது. அவர்களுக்குப் பெரிய தலைவலி, ஒரே டாங்கியைப் பத்துப் பேர் பத்துக் கோணத்தில் எடுத்துப் போடுவது. வளைந்த மட்கார்டு, பெயின்ட் கோடு, பக்கத்து மரம் இவற்றை வைத்து இது அதே டாங்கிதான் என்று கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் படத்தைப் படிக்கிற விதம் அதுதான்: எந்த இடம், எப்போது, ஏற்கனவே எண்ணியதா? அதே படத்தை எடுத்துக்கொள்ளும் மாடல்காரர் கூண்டின் கம்பி தடிமனை மட்டும் அளந்துவிட்டுப் போய்விடுகிறார். 2022 மே மாதமே கீவ் நகரின் மிஹைலிவ்ஸ்கா சதுக்கத்தில் ரஷ்ய டாங்கிகளின் சிதைவுகளைக் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். கார்கிவ் பக்கம் பிடிபட்ட ஒரு டி-90ஏ 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு லாரி நிறுத்தத்தில் நின்றது. பாட்டன் நகருக்கு 1965-ல் நடந்தது இப்போது சில வாரங்களிலேயே நடக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் கைக்கு வரும் படங்கள் ஏற்கனவே வடிகட்டியவை. 1991 வளைகுடாப் போரின் கடைசி நாளில் கென்னத் ஜாரெக்கி, எரிந்த வண்டியில் கருகி அமர்ந்திருந்த ஒரு இராக்கிய வீரரின் படத்தை எடுத்தார். அமெரிக்கப் பத்திரிகைகள் அப்போது அதைத் தொடவில்லை. லண்டனின் அப்சர்வர் வெளியிட்டது. அந்தப் போரில் எரிந்த வண்டிகளின் படங்கள் மட்டும் நிறையக் கிடைத்தன, மாடல்களும் வந்தன. ஆள் இல்லாத வண்டிகள். மாடல்காரர்கள் இரக்கமில்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குக் கிடைத்த ரெஃபரன்ஸிலேயே ஆள் இல்லை.

இப்போது எனக்குப் பக்கத்தில், மேஜைமேல் இருக்கும் வேலைக்கு வருகிறேன். ஆனையிறவு புல்டோசர்.

1991 ஜூலை 10-ஆம் தேதி விடுதலைப் புலிகள் ஆனையிறவு ராணுவ முகாமைத் தாக்கினார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னியோடு இணைக்கும் ஒடுக்கமான நிலம் அது. உப்பளம், பொட்டல், மறைவுக்கு ஒரு மரம் கிடையாது. அந்த வெட்டவெளியைக் கடக்க அவர்கள் புல்டோசருக்கு இரும்புத் தகடு போர்த்திக் கொண்டுவந்தார்கள். அதாவது லோங்கேவாலாவில் டாங்கிகளுக்கு இருந்த அதே பிரச்சினைக்கு, டாங்கி இல்லாதவர்கள் பட்டறையில் கண்டுபிடித்த விடை. முகாமில் இருந்தது இலங்கையின் சிங்கப் படைப்பிரிவின் 6-ஆவது பட்டாலியன். ஜூலை 14 அன்று கோப்ரல் காமினி குலரத்ன அந்த வண்டிமேல் ஏறிக் கையெறி குண்டுகளை உள்ளே போட்டார், தானும் இறந்தார். இலங்கையின் உயர்ந்த வீர விருதான பரம வீர விபூஷணய முதன்முதலில் கிடைத்தது அவருக்கு. 2000 ஏப்ரலில் முகாம் புலிகளிடம் விழுந்தது. 2009 ஜனவரியில் ராணுவம் திரும்பப் பிடித்தது. இன்று ஏ-9 சாலையோரம் அந்த வண்டி நினைவுச் சின்னமாக நிற்கிறது.

இதற்குக் கிட் கிடையாது. வரைபடம் கிடையாது. எந்தப் பட்டறையில் யார் வெட்டி ஒட்டினார்களோ, அவர்கள் மனதில் மட்டும் இருந்த வடிவம். ஆகவே முழுக்க முழுக்கப் போட்டோவை நம்பிச் செய்ய வேண்டிய பொருள். நான் சேர்த்து வைத்திருக்கும் படங்கள் எல்லாமே 2009-க்குப் பிறகு சுற்றுலா வந்தவர்கள் எடுத்தவை.

அளவெடுப்பது எப்படி என்பது சுவாரசியமான பகுதி. படத்தில் பக்கத்தில் நிற்கும் மனிதரை அளவுகோலாக வைக்கலாம். ஆனால் அவர் உயரம் தெரியாது. 165 செ.மீ. என்று வைத்து 10 செ.மீ. தப்பினால் 6 சதவீதப் பிழை. 3 மீட்டர் உயரத்தில் அது 18 செ.மீ., மாடலில் 5 மி.மீ. ஏற்றுக்கொள்ள முடியாது. போதாக்குறைக்கு, மொபைல் கேமராவின் அகல லென்ஸ் முன்னால் இருப்பதை ஊதிக் காட்டும். செயினை அளவுகோலாக எடுப்பது மேல். நடுத்தர அளவு புல்டோசர்களில் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடைவெளி சுமார் 20 செ.மீ. பக்கவாட்டுப் படத்தில் பத்துக் கண்ணிகளை எண்ணினால் 2 மீட்டர். தேய்ந்த செயின் கொஞ்சம் நீளும் (இதையும் ஒரகடத்தில்தான் தெரிந்துகொண்டேன்), அப்படியே நீண்டாலும் பிழை இரண்டு மூன்று சதவீதத்துக்குள் நிற்கும். அந்த 2 மீட்டரை வைத்து ஒவ்வொரு படத்திலும் தகட்டின் மூலைகளைக் குறித்து, கேமரா எங்கே நின்றது என்பதைக் கணக்கிடும் சின்ன புரோகிராம் ஒன்று எழுதினேன். வேலை நேரத்தில் செய்வதும் கிட்டத்தட்ட இதே மாதிரிக் கணக்குதான் என்பதால் பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. வடிவம் கிடைத்துவிட்டது.

வடிவம் கிடைத்த பிறகுதான் நிஜச் சிக்கல். இதற்கு எந்த நாளின் பெயின்ட் அடிப்பது?

1991 ஜூலை 14 என்று செய்யலாம். ஆனால் அன்றைய நிறம் பற்றி இந்தப் படங்கள் எதுவும் சொல்லவில்லை. உப்பளக் காற்றில் பதினெட்டு வருடம் கடந்த இரும்பு, அதன்பிறகு நினைவுச் சின்னமாகப் பராமரிக்கப்பட்ட இரும்பு. அதன் துருவுக்கும் அந்த நாளின் நெருப்புக்கும் சம்பந்தம் கிடையாது. பாட்டன் விஷயத்தில் மற்றவர்களைக் குறை சொல்லிவிட்டு இங்கே நான் அதையே செய்ய முடியாது.

இதில் இன்னொரு பாரமும் இருக்கிறது, குறிப்பாக நான் உட்கார்ந்திருக்கும் இடத்தில். ஆனையிறவுச் சண்டைக்கு ஏழு வாரம் முன்பு, 1991 மே 21 அன்று, இங்கிருந்து சில கிலோமீட்டரில் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்த வழக்கு துலங்கியதே ஒரு கேமராவால்தான். படம் எடுக்க வந்த ஹரிபாபு குண்டில் இறந்துபோனார், கேமராவும் ஃபிலிமும் பிழைத்தன. செய்தவர்கள் தங்களுக்காகப் பதிவு செய்ய வைத்த படங்கள் அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டன. ஒரு படத்தை எடுத்த நோக்கம் வேறு, அது பின்னால் செய்கிற வேலை வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணத்தை என் பிரதேசத்தில் தேட வேண்டியதில்லை. அதனால் 'யார், எதற்காக எடுத்தது' என்ற கேள்வியை இந்த ஊர்க்காரன் தவிர்க்க முடியாது. ஆனையிறவுப் படங்களை எடுத்தவர்கள் பெரும்பாலும் குடும்பத்தோடு வந்தவர்கள். வண்டிக்கு முன்னால் நின்று சிரிக்கிறார்கள். அவர்களில் காமினியை நினைத்து வந்தவர் இருப்பார். யாழ்ப்பாண பஸ்ஸிலிருந்து இறங்காமல் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டுப் போகிறவர், படமே எடுக்காதவர், இருப்பார். உள்ளே இருந்து ஓட்டியவர்களின் பெயர் நான் பார்த்த எந்தப் படத்திலும் தென்படவில்லை.

"நீ ஏன் சும்மா ஒரு டாங்கியைச் செய்துவிட்டுப் போகக் கூடாது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆவடியில் செய்த விஜயந்தாவோ அர்ஜுனோ செய்யலாம்தான், நமக்கு அரை மணி நேர தூரத்துத் தொழிற்சாலை, வம்பு இல்லை. ஆனால் பட்டறையில் செய்த வண்டியில் இருக்கிற கேள்விகள் தொழிற்சாலை டாங்கியில் இல்லை. எந்தத் தகடு எதிலிருந்து வெட்டியது, ஓட்டுகிறவன் வெளியே பார்க்க எவ்வளவு இடம் விட்டார்கள், ஏற்றிய எடையில் அது எவ்வளவு மெதுவாக நகர்ந்திருக்கும், மேலே ஒருவர் ஏற முடிந்தது எதனால்? வடிவத்தை அளந்தால்தான் இதெல்லாம் தோன்றுகிறது. புல்டோசர் அவ்வளவு மெதுவாகப் போகாவிட்டால் ஒரு மனிதர் ஓடிவந்து ஏறியிருக்க முடியாது. அந்த உண்மை படத்தில் இருக்கிறது, கண்டுபிடிக்க 1/35-ல் ஒரு முறை செய்து பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் எடுத்திருக்கும் முடிவு இது. வண்டியை 1991-ல் வைக்கவில்லை. இப்போது நிற்கிற மாதிரி, நினைவுச் சின்னமாக, அதன் மேடையோடும் பார்வையாளர்களோடும் செய்கிறேன். என்னிடம் இருக்கும் படங்கள் எதற்குச் சாட்சியோ அதை மட்டும். பெயர்ப்பலகையில் 'ஆனையிறவு, ஏ-9 சாலை, 2009-க்குப் பின்' என்று இருக்கும். சண்டையைச் செய்ய வேண்டுமானால் 1991-ல் எடுத்த படம் ஒன்று வேண்டும், அது கைக்கு வந்தால் அதை வேறொரு மாடலாகச் செய்யலாம்.

தகடு வேலை முடிந்துவிட்டது, 0.3 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட், கிட்டத்தட்ட 10 மி.மீ. இரும்புக்குச் சமம். செயின் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இதற்கு மட்டும் மினுங்கல் கிடையாது, ஓடி ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. மீதி இருப்பது ஆட்கள். 1/35-ல் துப்பாக்கி பிடித்த சிப்பாய் எந்த நாட்டுச் சீருடையில் கேட்டாலும் கிடைக்கிறான். கையில் மொபைலோடு குழந்தையைத் தூக்கி நிற்கும் அப்பா கிடைப்பதில்லை. புட்டியில் நானே செய்துகொண்டிருக்கிறேன், 5 செ.மீ. உயரம், நாலு பேர்.